இரண்டு அணைகளுக்கு நடுவே ஓடும் ஆறு
(மழைக்காலத்தில் மைசூர் விஜயநகரிலிருந்து மலைக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்)

அன்புள்ள தம்பி தங்கைகளே,

ஆனி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் உங்கள் பைக்குகள் ஹுன்சூர் சாலையைப் பிடித்துவிடுகின்றன. குஷால்நகர், மடிக்கேரி என்று ஒரு கூட்டம், இருப்பு அருவிப் பக்கம் இன்னொரு கூட்டம். இரவு வீடு திரும்புவதற்குள் படங்கள் வந்து குவிகின்றன. மூடுபனி, காபித் தோட்டம், அருவி, ரெயின்கோட்டில் சிரிக்கும் முகங்கள். தண்ணீர் புகாத சிறிய கேமரா ஒன்று வாங்கலாமா, கைப்பேசியே போதுமா என்று உங்களில் பலர் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வாங்குங்கள். குழு முழுவதற்கும் ஒன்று போதும், பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வாங்கிய கேமராவை அருவிக்கு முன்னால் நின்று பிடித்துக்கொண்டிருந்தால் அந்தக் காசு வீண். அதை ஓடைக்குள் இறக்குங்கள். இதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மைசூரில் வாழும் தமிழர்களான நமக்குக் காவிரி எப்போதும் ஒரு கனத்த பேச்சு. 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்த பெரியவர்கள் அந்தப் பெயர் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதற்கு அவர்களுக்குக் காரணம் உண்டு. நாம் இங்கே நாளிதழில் கண்ணம்பாடி அணையின் மட்டத்தைப் பார்க்கிறோம்: 124.80 அடிக்கு இன்னும் எத்தனை பாக்கி? தமிழ்நாட்டில் நம் உறவுக்காரர்கள் மேட்டூரின் 120 அடிக்கு எத்தனை பாக்கி என்று பார்க்கிறார்கள். அடியும் டி.எம்.சி.யும் கன அடியும் நம் வீட்டுச் சிறுவர்களுக்குக்கூட மனப்பாடம். அந்த இரண்டு அணைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீரில் யார் வாழ்கிறார்கள் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியாது. இது என்னை மிகவும் உறுத்துகிறது.

ஒரு மீனைப் பற்றிச் சொல்கிறேன். காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் மட்டுமே உரிய மீன் அது. முதுகு திமில்போல உயர்ந்திருக்கும், துடுப்புகளில் செம்மஞ்சள் நிறம் ஏறியிருக்கும். திமில் மஹசீர் என்று சொல்லலாம். நம் மைசூரில் புலியையும் சிறுத்தையையும் பாடம் செய்து உலகெங்கும் அனுப்பிய வான் இங்கன் குடும்பத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடித்த மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ. வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகப் புத்தகம் புத்தகமாக எழுதிய மீன் இது. இருந்தும் அது எந்த இனம் என்று அறிவியல் உறுதியாகச் சொன்னது 2018-ல்தான். டோர் ரெமதேவி என்ற பெயரோடு அது சேர்க்கப்பட்டது. அதே வருடம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலிலும் ஏறியது. பெயர் தெளிவானபோது ஆறு கிட்டத்தட்ட காலியாகியிருந்தது.

அந்த மீன் குறைந்துகொண்டே போனதை உலகம் எப்படி அறிந்தது என்று பாருங்கள். காவிரிக் கரையில் கலிபோர் என்ற இடத்தில் தூண்டில் முகாம் ஒன்று இருந்தது. மீனைப் பிடித்து, எடை பார்த்து, மறுபடி ஆற்றில் விட்டுவிடும் முகாம். 1998 முதல் 2012 வரை அங்கே வந்தவர்கள் என்ன பிடித்தோம், எவ்வளவு பெரியது என்று எழுதிவைத்தார்கள். அவர்கள் விஞ்ஞானிகள் இல்லை, விடுமுறைக்கு வந்தவர்கள். பின்னாளில் ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளைக் கோத்துப் பார்த்தபோது கதை வெளிவந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத் துடுப்பு மஹசீர் பெருகிக்கொண்டே போக, இந்த ஆற்றுக்கே உரியது அருகிக்கொண்டே வந்திருக்கிறது. பொழுதுபோக்குக்கு வந்தவர்களின் நோட்டுப்புத்தகம் சாட்சியமாகிவிட்டது. உங்கள் படங்களுக்கும் அந்த வலு வர வேண்டும் என்பது என் ஆசை.

மலை ஓடைகளுக்குப் போனால் இன்னும் வியப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் நாட்டியத் தவளைகளை நீங்கள் காணொளியில் பார்த்திருப்பீர்கள். ஓடையின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் ஆண் தவளை பாறைமேல் நின்று பின்னங்காலை விரித்து வீசிக் காட்டும். 2014-ல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் அவருடைய குழுவினரும் ஒரே கட்டுரையில் இந்தக் குடும்பத்தில் 14 புதிய இனங்களை விவரித்தார்கள். அதற்குப் பிறகும் இவற்றின் தலைப்பிரட்டைகள் எங்கே இருக்கின்றன என்பது புதிராகவே இருந்தது. 2016-ல் விடை கிடைத்தது: ஓடைப் படுகையின் மணலுக்கும் சரளைக்கும் அடியில் புதைந்து வாழ்கின்றன. நாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடந்துபோகும் அதே சரளைதான். பெண் தவளை பின்னங்கால்களால் படுகையைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிறது. நாம் அதன்மேல் நின்று அருவியைப் படமெடுக்கிறோம்.

மைசூர் காட்டுயிர்ப் படக்காரர்களின் ஊர். கபினியில் கருஞ்சிறுத்தைக்காக இரண்டு கை அகல லென்ஸோடு ஜீப்பில் காத்திருப்பவர்களை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அந்தப் படங்களின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்த ஊரின் கிருபாகர், சேனானி இருவரையும் நினைத்துப் பாருங்கள். புலிக்கும் யானைக்கும் எல்லோரும் முண்டியடித்தபோது அவர்கள் செந்நாய்க் கூட்டத்தின் பின்னால் வருடக் கணக்கில் அலைந்தார்கள். ஒரு காலத்தில் கொன்றால் சன்மானம் கொடுக்கப்பட்ட விலங்கு அது. அவர்கள் எடுத்த 'தி பேக்' படம் 2010-ல் வைல்ட்ஸ்கிரீன் விழாவில் பாண்டா விருது பெற்றது. யாரும் திரும்பிப் பார்க்காததை எடுக்கும் துணிச்சல் நம் ஊருக்குப் புதிதல்ல. அதே துணிச்சலை நீருக்குள் கொண்டுபோக ஜீப் வேண்டாம், லட்ச ரூபாய் லென்ஸ் வேண்டாம், சட்டைப் பையில் அடங்கும் கேமரா போதும்.

இனி கேமராவுக்கு வருகிறேன்.

நீருக்குள் உறையில்லாமலே இறங்கும் கேமராவைக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவின் தேவைக்காகப் பெல்ஜியப் பொறியாளர் ழான் த வூட்டர்ஸ் வடிவமைத்தார். அதை நிக்கான் வாங்கி 1963-ல் நிக்கோனாஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. 2001 வரை அந்த வரிசை ஓடியது. 1988-ல் கொனிக்கா கட்டடப் பணியிடங்களுக்கென்றே தூசும் மழையும் தாங்கும் ஃபிலிம் கேமரா ஒன்றைச் செய்தது. சிமெண்டுக் கையோடு எடுக்கலாம், மழையில் கழுவிக்கொள்ளலாம். முரட்டுக் கேமராக்கள் உல்லாசப் பயணிக்கு மட்டும் பிறந்தவை அல்ல, வேலை செய்கிற கைக்கும் பிறந்தவை. ஹூட்டகள்ளியிலும் ஹெப்பாளிலும் ஷிஃப்ட் முடித்துவிட்டு மலைக்குக் கிளம்பும் உங்களில் சிலருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பத்து வருடம் முன்பு கடைக்குப் போயிருந்தால் நிக்கான், கேனன், பானசோனிக், ஃபியூஜி என்று வரிசையாக எடுத்துக் காட்டியிருப்பார்கள். கைப்பேசி வந்து அந்த வரிசையை மெலிய வைத்துவிட்டது. மிஞ்சியவற்றில் முக்கியமானது ஒலிம்பஸ் தொடங்கிய டஃப் வரிசை. ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021-ல் தனி நிறுவனமாகப் பிரிந்த பிறகு அது ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது. 2023-ல் வந்த டிஜி-7 இப்போதைய மாடல். ரிக்கோவும் பென்டாக்ஸ் பெயரிலும் தன் பெயரிலும் டபிள்யூஜி வரிசையை விடாமல் வைத்திருக்கிறது. அதில் லென்ஸைச் சுற்றி ஆறு சிறிய எல்.இ.டி. விளக்குகள் இருக்கும், பூச்சியை நெருங்கி எடுக்க மிக உதவும்.

டிஜி-7 பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், நம் வேலைக்கு அதுதான் பொருத்தம் என்பது என் தீர்மானம். 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும். எடை கால் கிலோ. லென்ஸ் வெளியே நீளாது, உடம்புக்குள்ளேயே நகரும், முன்னால் ஒரு கண்ணாடி மட்டும் காவல். அகலக் கோணத்தில் எஃப் 2 துளை என்பதால் மர நிழலிலும் ஓடையிலும் வெளிச்சம் போதும். எல்லாவற்றையும்விட, கண்ணாடிக்கு ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதையும் கூர்மையாகப் பிடிக்கும். தட்டான் பூச்சியின் இளம்பருவம், கல்லில் ஒட்டிய நத்தை, பாசி மேயும் சிறுமீன் எல்லாம் அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் இருக்கின்றன. 12 மெகாபிக்சல்தான், சென்சாரும் கைப்பேசியினுடையதுபோலச் சிறியதுதான். சுவரளவு அச்சுப் போடும் எண்ணம் இருந்தால் இது வேண்டாம்.

கைப்பேசியும் தண்ணீர் தாங்கும் ஐ.பி.68 தரம் என்கிறதே என்று கேட்பீர்கள். அந்தச் சோதனை அசையாத சுத்தமான நன்னீரில், நிறுவனமே குறித்துக்கொண்ட ஆழத்தில், குறித்துக்கொண்ட நேரத்துக்கு நடப்பது. ஓடும் நீர், சேறு, உப்பு எதற்கும் அது உத்தரவாதம் இல்லை. தண்ணீரால் கெட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் வாரண்டி தருவதில்லை. தவிர, நீருக்குள் தொடுதிரை பேச்சுக் கேட்காது. கனமான கையுறையோடும் அழுத்தக்கூடிய பொத்தான்தான் அங்கே வேண்டும். வங்கி, வேலை, வீட்டுப் பேச்சு எல்லாம் அடங்கிய ஒரே சாதனத்தை ஆற்றில் இறக்காதீர்கள்.

தண்ணீர் புகாத கேமரா என்பதும் ஒரு ரப்பர் வளையத்தின் நம்பிக்கைதான். பேட்டரிக் கதவின் உள்விளிம்பில் ஓடும் அந்த வளையம் வீட்டுக் குக்கரின் கேஸ்கெட் மாதிரி: ஒரு பருக்கை ஒட்டினாலும் வேலை கெடும். ஒரு தலைமுடி, ஒரு மணல், துண்டின் ஒரு நூல் போதும். அதனால் கதவை ஆற்றங்கரையில் திறக்காதீர்கள். வீட்டிலேயே பேட்டரி ஏற்றி, மெமரி அட்டை போட்டு, நல்ல வெளிச்சத்தில் வளையத்தைப் பார்த்து, பூட்டிக்கொண்டு கிளம்புங்கள். பூட்டியபின் வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழ் தொடர்ந்து வந்தால் அன்று அது வீட்டிலேயே இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை வளையத்தை மாற்றச் சொல்கிறார்கள். பழைய கேமராவை இரண்டாம் கையாக வாங்கினால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் நின்ற பைக்கின் டேங்க் பையிலிருந்து சூடாக எடுத்து நேராக மலைத் தண்ணீரில் முக்குவது இதைவிட மோசம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கினால் வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கப் பார்க்கும். கண்ணாடியும் உள்பக்கம் வேர்க்கும். நிழலில் கொஞ்ச நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். அருவி கொட்டும் இடத்துக்கு நேர் கீழே நீட்டுவதும், கையில் பிடித்துக்கொண்டு குதிப்பதும் கூடாது. 15 மீட்டர் என்பது அமைதியான நீரின் அழுத்தம். பாய்ந்து அடிக்கும் நீர் கணக்கு வேறு. முருடேஸ்வரத்திலிருந்து நேத்ராணித் தீவுக்கு டைவிங் போகிறவர்கள் கரைக்கு வந்ததும் கேமராவை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு பொத்தானையும் பலமுறை அழுத்தி உப்பை வெளியேற்றுங்கள். கதவைத் திறப்பதெல்லாம் உலர்ந்த பிறகு.

எப்போது இறக்குவது என்பதில் நீங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். ஆடி மாத வெள்ளத்தில் ஓடை கலங்கி ஓடும், உள்ளே பார்த்தால் தேநீர் நிறம்தான் தெரியும். அப்போது கேமராவுக்கு வேலை தண்ணீருக்கு வெளியே: மழையில் நனையும் தவளை, இலைக்கு அடியில் முட்டை, காளான். கார்த்திகை, மார்கழியில் மழை ஓய்ந்து ஓடை தெளியும். நீருக்குள் எடுக்க அதுதான் பருவம், கூட்டமும் இருக்காது. நாட்டியத் தவளைகள் ஆடுவதும் வெள்ளம் வடிந்து ஓடை இறங்கும் நாட்களில்தான்.

நீருக்குள் எடுப்பதற்கு நெருக்கம்தான் எல்லாம். லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவே தண்ணீர் எவ்வளவு குறைவோ படம் அவ்வளவு தெளிவு. ஒரு முழத்துக்குள் வராததை விட்டுவிடுங்கள். ஒளி வளைவதால் நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், 25 மி.மீ. லென்ஸ் 33 மி.மீ. போலக் குறுகிவிடும். கடலில் ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு பெரும்பாலும் மங்கிவிடும், முழங்கால் ஓடையில் அந்தக் கவலை இல்லை. ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், மிதக்கும் ஒவ்வொரு தூசியும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். காலை வெயில் சாய்ந்து விழும் நேரம் போதும்.

நீங்கள் தண்ணீரில் இறங்கவே வேண்டாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. கேமராவை ஒரு கோலின் நுனியில் பொருத்தி, வீடியோவை ஓடவிட்டு, கரையில் குந்தியபடி பாறை இடுக்கில் மெல்ல இறக்குங்கள். கைப்பேசியில் வைஃபை வழியாகப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம் என்று எண்ணாதீர்கள், அந்த அலை தண்ணீருக்குள் சில விரற்கடைக்கு மேல் போகாது. கோலை அசைக்காமல் காத்திருந்தால் முதலில் ஓடிப்போன மீன்கள் தாமாகவே திரும்பி வரும். கேமரா நீரில் மூழ்கும் எடை என்பதால் மிதக்கும் வார் ஒன்று கட்டுங்கள், ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் தேட எளிது.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். தண்ணீர் தாங்குவது கேமரா மட்டும்தான். காவிரிக் கரையிலுள்ள பலமுரியிலும் எடமுரியிலும் முத்தத்தியிலும் சுஞ்சனக்கட்டேயிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத வருடம் இல்லை. அவர்களில் சிலர் படமெடுக்க ஒரு அடி கூடுதலாக எடுத்துவைத்தவர்கள். அணை திறந்தால் கீழே நீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. ரங்கனதிட்டில் படகிலிருந்து நீங்கள் ரசிக்கும் முதலைகள் அந்தச் சரணாலயத்தின் எல்லைப் பலகையைப் படிப்பதில்லை. அதனால் பெரிய ஆறு வேண்டாம், முழங்காலுக்குக் கீழான ஓடை போதும். மேலே மலையில் இருட்டிக்கொண்டு வந்தால் உடனே கரையேறுங்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் படமே எடுக்காமல் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும், முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாத ஓடைக்கு நம் கேமரா போகக் கூடாது.

ஓடைக்கும் நாம் ஆபத்து. கேரள மலையில் கேலக்ஸி தவளை என்ற மிக அரிய தவளை இருந்த இடத்தில், படமெடுக்க வந்தவர்கள் மரக்கட்டைகளைப் புரட்டிப் போட்டுச் சிதைத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அழகான படத்துக்காக அந்த உயிரின் வீட்டையே குலைத்தார்கள். கல்லைப் புரட்டாதீர்கள். தவளையைக் கையில் எடுத்து இலைமேல் வைக்காதீர்கள். சரளையில் நடப்பதைக் குறைத்துப் பாறைமேல் கால் வையுங்கள். ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போகும்முன் செருப்பையும் கோலையும் கழுவி உலர்த்துங்கள், தவளைகளைக் கொல்லும் பூஞ்சை ஈரத்தில்தான் பயணம் செய்கிறது.

எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் தேதி, ஓடையின் பெயர், பக்கத்து ஊர், நீர் தெளிவா கலங்கலா என்று ஒரு வரி எழுதுங்கள். முந்தைய மாடலான டிஜி-6-ல் இருந்த ஜிபிஎஸ்ஸை டிஜி-7-ல் எடுத்துவிட்டார்கள், ஆகவே நோட்டுப்புத்தகம் கட்டாயம். பிறகு படங்களை இந்திய பல்லுயிர்த் தளத்திலோ ஐநேச்சுரலிஸ்ட்டிலோ ஏற்றுங்கள். பெயர் தெரியாத மீன் என்றால் தெரியாது என்றே போடுங்கள், தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். அரிய உயிர் என்று சந்தேகம் வந்தால் இடத்தை மறைத்துப் போடும் வசதி ஐநேச்சுரலிஸ்ட்டில் உண்டு.

ஒரே ஓடைக்கு வருடா வருடம் போங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். புது இடம் தேடி அலைவதைவிட இது கடினம், அலுப்பாகவும் இருக்கும். லட்சுமண தீர்த்தம் என்ற ஆறு இருப்பு அருவியில் விழுந்து, ஹுன்சூரைத் தாண்டி, கண்ணம்பாடி அணை நீரில் வந்து சேர்கிறது. நாம் பைக்கில் போகும் பாதையில் ஹுன்சூரில் அந்த ஆற்றைக் கடக்கிறோம். அதில் அனுமதி உள்ள ஓர் ஆழமில்லாத இடத்தைத் தேர்ந்துகொண்டு, தெளிந்த பருவத்தில் ஒவ்வொரு வருடமும் அதே பாறை இடுக்கில் கோலை இறக்கினால், உங்கள் குழுவின் கையில் கலிபோர் முகாமின் நோட்டைப் போன்ற ஒன்று சேரும்.

தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிறு யோக நரசிம்ம சுவாமி கோயில் பக்கம் கூடிப் பேசலாம். கேமராவுக்கு என் பங்கைத் தந்துவிடுகிறேன், மிதக்கும் வாரும் கோலும் என் பொறுப்பு. வளையத்தைப் பார்த்துக்கொள்ளப் பொறுமையுள்ள ஒருவரும், நோட்டு எழுத நல்ல கையெழுத்துள்ள ஒருவரும் உங்களில் யார் என்பதை அதற்குள் முடிவு செய்துவிட்டு வாருங்கள். நீச்சல் தெரியாதவர்களும் வரலாம், கரையில் நின்று பார்த்துக்கொள்ளும் முதல் முறை அவர்களுடையது.

அன்புடன்,
விஜயநகர் மூன்றாம் ஸ்டேஜிலிருந்து உங்கள் அண்ணன்